விசுவாசம் மட்டும் போதுமா?



மனிதன் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாகிறான் என்பது லூத்தரன் சபையாரின் அடிப்படைப் போதனை. உரோமையர் திருமுகம் 3:28ஐ இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் “மட்டும்” என்ற சொல் இல்லை. மார்ட்டின் லூத்தரே 1522இல் வெளியிட்ட தமது ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அதனைச் சேர்த்தார். புனித யாகப்பரோ, விசுவாசத்தினால் மட்டும் மனிதன் நீதிமானாவதில்லை என வெளிப்படையாக உரைக்கிறார் (2:24).

அப்படியாயின் சின்னப்பரும் யாகப்பரும் முரண்படுகின்றனரா? இல்லை. நியாயப்பிரமாணச் செயல்களால் இரட்சணியத்தைச் சம்பாதிக்க முடியாது என்கிறார் சின்னப்பர். பசித்தவனை வெறும் வார்த்தையோடு அனுப்பிவிடும் விசுவாசம் செத்தது என்கிறார் யாகப்பர். அன்பின் வழியாகச் செயலாற்றும் விசுவாசமே பயன் தரும் எனச் சின்னப்பரும் கலாத்தியருக்கு எழுதுகிறார் (5:6).

நற்செயல்களால் இரட்சணியத்தை விலைக்கு வாங்கலாம் எனத் திருச்சபையும் போதிப்பதில்லை. நீதிமானாக்கும் அருள் இறைவனின் இலவசக் கொடை என்று திரிதெந்தீன் சங்கம் 1547இலேயே அறிக்கையிட்டது. 1999 ஒக்டோபர் 31இல் அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கையொப்பமிட்ட கூட்டறிக்கையும், அருளால் நீதிமானாகிறோம், நற்செயல்கள் அதன் கனிகள் என்கிறது.

சகோதரரே, இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்பது நாம் வென்ற வாதங்களை அல்ல (மத்தேயு 25). பசியோடு வாசலில் நிற்பவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, “யாகப்பர் எங்கள் பக்கம்” என்று நாம் சொல்லலாமா?