இச்சையும் துணைவினையும்

ஆங்கில மொழியில் எதிர்காலத்துக்கென்று தனி விகுதி கிடையாது. வந்தான் என்பதற்கு வினையின் உருவத்தையே மாற்றிக்கொள்ளும் அம்மொழி, வருவான் என்று சொல்ல நேரும்போது 'வில்', 'ஷல்' என்னும் இரு துணைவினைகளின் உதவியை நாடுகிறது. அவற்றுள் 'வில்' என்பது ஆதியில் இச்சித்தல், சங்கற்பித்தல் என்னும் பொருளுடைய முழுவினையாகவும், 'ஷல்' என்பது கடன்பட்டிருத்தல் என்னும் பொருளுடைய வினையாகவும் வழங்கி, நூற்றாண்டுகளின் போக்கில் அப்பொருள் தேய்ந்து காலங்காட்டும் சொற்களாக நின்றுவிட்டன. நாளையைப் பற்றிப் பேசப் புகுந்த ஒரு சமுதாயத்துக்கு முதலில் கைகொடுத்த சொற்கள் இச்சையும் கடனுமாக இருந்தன என்பது இலக்கண ஆசிரியனை விடத் தத்துவ விசாரணை செய்பவனையே அதிகமாகக் கவரவேண்டிய செய்தியாகும்.

கிழக்கிலங்கையின் இறக்காமம் போன்றதோர் ஊரில் இந்த விசாரணை ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. குளத்து நீரை நம்பி வட்டையில் இறங்கும் விவசாயி, விதைப்புக்கு முன் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள் குறிக்கப்பட்டதும், நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டைவிதானையின் வாயிலிருந்து அத்தேதி வெளிப்பட்ட மாத்திரத்தில், 'இன்ஷா அல்லாஹ்' (அல்லாஹ் நாடினால்) என்று தன் பங்குக்குச் சேர்த்துச் சொல்கிறான். அவனுடைய மகன் பாடசாலையில் ஆங்கில வினாத்தாளுக்காகத் தன் எதிர்கால இலட்சியத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதும்போது அதே சொற்றொடரை ஆங்கிலத்தில் அமைக்க முயன்று, ஒரு விதியோடு முட்டிக்கொள்கிறான்.

"'இஃப்' வந்தா அதுக்குப் பின்னால 'வில்' வராதெண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க? அப்ப 'இஃப் அல்லாஹ் வில்ஸ்' எண்டு எழுதினாப் பிழையா?"

பிழையில்லை. மழை பெய்தால், அவன் வந்தால் என்று நிபந்தனை கூறும் வாக்கியங்களில் காலங்காட்டும் துணைவினையாகிய 'வில்' வரலாகாது என்பதே விதி. இங்கு வந்திருப்பதோ நாடுதல் என்னும் பொருளைத் தரும் முழுவினை. இரண்டையும் வேறுபடுத்தும் அடையாளம் அதன் ஈற்றில் நிற்கும் 'எஸ்' என்னும் ஓர் எழுத்தேயாகும். துணைவினை அவ்வெழுத்தை ஒருபோதும் ஏற்காது. முழுவினை படர்க்கை ஒருமையில் அதை விடாது. ஆகவே, 'அல்லாஹ் நாடினால் நான் வருவேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும் மாணவன் ஒரே வாக்கியத்தில் அச்சொல்லை இருமுறை எழுதுகிறான்: இறைவனிடத்தில் அது சங்கற்பம் என்னும் பூரணப் பொருளோடு நிற்கிறது, மனிதனிடத்தில், தனித்து நிற்க வலுவற்ற துணைவினையாக, வேறொரு வினையை அண்டி நிற்கிறது. எந்த மார்க்க அறிஞரும் கூடியிருந்து வகுக்காத இந்த அமைப்பு, ஆங்கில மொழியின் இயல்பான தேய்மானத்தால் தானே விளைந்தது என்பதுதான் அதன் சுவை.

ஸூரத்துல் கஹ்ஃபின் இருபத்து மூன்றாம், இருபத்து நான்காம் வசனங்கள், எந்தக் காரியத்தைப் பற்றியும் 'நாளை இதைச் செய்வேன்' என்று அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்க்காமல் கூறலாகாதென்று கட்டளையிடுகின்றன. குகைவாசிகளைப் பற்றி வினவியோருக்கு நாளை விடை கூறுவதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும், அதன்பின் வஹீ சில நாட்கள் தாமதித்ததையும் இவ்வசனங்களின் பின்னணியாகத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எடுத்துரைப்பர். இப்போதனை நமக்கு மட்டும் உரியதன்று. பைபிளில், யாக்கோபு நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், நாளைய வியாபாரத்தையும் இலாபத்தையும் பற்றி வீறாப்புப் பேசுவோரைக் கண்டித்து இதே நெறி கூறப்படுகிறது; அதனை 1611 ஆம் ஆண்டில் ஆங்கிலமாக்கியோர் கர்த்தரின் சித்தத்துக்கு 'வில்' என்ற முழுவினையையும் மனிதரின் செயலுக்கு 'ஷல்' என்பதையும் இட்டிருக்கின்றனர்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1653 இல், கணித மேதையும் குருவானவருமான ஜான் வாலிஸ் இலத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், தன்மையிடத்தில் 'ஷல்' வெறும் முன்னறிவிப்பு என்றும், 'வில்' வாக்குறுதி அல்லது அச்சுறுத்தல் என்றும், முன்னிலையிலும் படர்க்கையிலும் இம்முறை மாறும் என்றும் வகுத்தார். இவ்விதியை இன்று இலண்டனிலேயே பெரும்பாலோர் கைவிட்டுவிட்டமையால், நம் ஆசிரியர்கள் அதற்காகப் பிள்ளைகளை வருத்தவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் விதி மறைந்தாலும் அதன் அடியிலுள்ள பேதம் மறையாது. நடக்கப்போவதைச் சொல்லுதல் ஒன்று. நடத்துவேன் என்று பிணைப்படுதல் மற்றொன்று. 'இன்ஷா அல்லாஹ்' இவற்றுள் எதனோடு சேர்கிறது?

இவ்விடத்தில் ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்ட நூல்கள் வியக்கத்தக்க நுட்பத்தோடு பேசுகின்றன. சத்தியம் செய்பவன் அதனோடு தொடர்ச்சியாக 'இன்ஷா அல்லாஹ்' என்று சேர்த்துவிட்டால், பின்னர் அதை நிறைவேற்றாவிடினும் குற்றப்பரிகாரம் இல்லை என்பது ஹதீஸின் அடிப்படையில் எழுந்த சட்டம். ஆயினும் நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள், அச்சொல்லை நிபந்தனையாகக் கருதி உரைப்பதையும், பரக்கத்தை நாடி மட்டும் உரைப்பதையும் வேறாகப் பிரித்து, முன்னையதை 'தஅலீக்' என்றும் பின்னையதை 'தபர்ருக்' என்றும் பெயரிட்டு, பரக்கத்துக்காகச் சொன்னவனைச் சத்தியம் கட்டுப்படுத்தவே செய்யும் என்று தீர்த்தனர். ஒரே சொல், ஒரே ஓசை. உள்ளத்தின் நிய்யத்து ஒன்றை நிபந்தனையாக்குகிறது, மற்றொன்றைப் பிரார்த்தனையாக்குகிறது. கதவு செய்து தருவதாகக் கூறி முற்பணம் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கு வெள்ளி 'இன்ஷா அல்லாஹ்' சொல்லிக் காலங்கடத்தும் தச்சர்கள் எவ்வூரிலும் உண்டு. அவர்கள் வாயில் அச்சொல் தஅலீக்குமில்லை, தபர்ருக்குமில்லை. வராமலிருப்பதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த சாட்டு.

சத்தியமும் வாக்குறுதியும் ஒருபுறமிருக்க, நாளை நடக்கும் என்று இன்று சொல்லும் வாக்கியம் இன்றே மெய்யா பொய்யா என்ற கேள்வியை, கடற்போர் ஒன்றை உதாரணமாக்கி அரிஸ்டாட்டில் தம் தர்க்க நூலொன்றில் எழுப்பினார். அந்நூலுக்கு விரிவுரை எழுதிய அல்ஃபாராபி, இறைவனின் முன்னறிவு மனிதனின் தெரிவைப் பறிக்குமா என்ற பிரச்சினையோடு அதனை இணைத்தார். தர்க்கவாதிகள் அவ்வாறு ஏட்டில் மல்லாட, இலக்கணக்காரர் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். உறுதி மிகுந்த எதிர்காலத்தை இறந்தகாலத்தால் கூறலாம் என்பதைத் தமிழ் இலக்கணம் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. விரைவினாலும் தெளிவினாலும் காலம் பிறழ்ந்து வரலாம் என்பது நன்னூலின் முடிவு. அல்குர்ஆனும் மறுமையின் நிகழ்ச்சிகளைப் பல இடங்களில் இறந்தகால வினையால் உரைப்பதைச் சுட்டி, அவை நிகழ்வது அவ்வளவு நிச்சயம் என்பதே காரணம் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குவர். ஆங்கிலம் இதற்கு இடங்கொடாது. வீட்டுவாசலைத் தாண்டாமலே தொலைபேசியில் 'இந்தா வந்துட்டன்' என்று சொல்லிப் பழகிய நம் பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் இறந்தகாலத்தில் எழுதினால் சிவப்பு மைதான் கிடைக்கும். இறைவன் நாளையை இறந்தகாலத்தில் கூறும்போது அது பேரறிவு. நாம் கூறும்போது, பெரும்பாலும், பஸ் தவறிப்போவதற்கு முன் சொல்லும் ஆறுதல்.

இத்தகைய வேறுபாடுகளைக் கண்டு ஆங்கிலத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆங்கிலம் கற்றால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை முஸ்லிம்களிடையே வேரூன்றியிருந்ததும், 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை அதனைப் போக்கப் பாடுபட்டதும், 1942 இல் கல்முனைக்கு அரசாங்க உத்தியோகத்தராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் இப்பகுதியின் கல்விக்காக உழைத்ததும் பலரும் அறிந்த சரித்திரம். மிஷன் பாடசாலைகளைக் குறித்த அச்சத்துக்கு அன்று நியாயம் இருந்தது. மொழியைக் குறித்த அச்சத்துக்கு இல்லை. அகங்காரம் எந்த மொழியின் துணைவினையிலும் குடியிருப்பதில்லை; 'செய்வேன்' என்ற தமிழ்ச் சொல்லிலும் அதைத் திணிக்கலாம், 'வில்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பணிவோடும் உச்சரிக்கலாம்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவன் தன் கட்டுரையில் 'இஃப் அல்லாஹ் வில்ஸ்' என்று எழுதியிருந்தால், 'இஃப்'பைக் கண்டதும் விதியை நினைந்து அதனை வெட்டிவிடாதீர்கள். 'எஸ்' விடுபட்டிருந்தால் அதை இட்டு, ஏன் இட்டீர்கள் என்பதை இரண்டு நிமிடம் செலவிட்டு வகுப்புக்கே விளக்குங்கள்.