இரத்தத்தில் வரும் எண் தலையெழுத்தா?

இதயம் ஒரு சுரப்பியும்தான் என்பது 1981இல் அடோல்போ டி போல்ட் எலிகளுக்கு இதய மேலறைச் சாற்றை ஏற்றிப் பார்த்தபோது தெரியவந்தது. 1988இல் ஜப்பானியர் பன்றி மூளையிலிருந்து பி.என்.பி. என்ற ஹோர்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெரிய ஊற்று இதயம் என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் மூளையோடு நின்றுவிட்டது. கீழறைச் சுவர் இழுபட இழுபட அது கூடச் சுரக்கும். காலை விரலால் அமத்தினால் குழி விழுந்து நிற்கிற, மூன்று தலையணை வைத்தும் இரவில் மூச்சு இளைக்கிற இதயச் செயலிழப்பு நோயாளிக்கு, அதோடு பிறக்கும் என்.டி.-புரோ பி.என்.பி. அளவு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். ஏற ஏற மரண அபாயமும் ஏறும். அந்த எண் உள்ள பரிசோதனைத் தாள் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் நோயாளிக்கு மறைப்பார்கள். சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போவாரும் உண்டு. ஆயுள் கணக்கு வெளிப்பட்டுவிட்டது என்ற பயம்தான் இரண்டுக்கும் அடி. அது பிழையான பயம் என்பதே என் கட்சி.

சைவர் ஒருவர் உடனே மறிப்பார்: நோயும் மூப்பும் சாவும் கருவிலேயே அமைந்தவை என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் சொல்லவில்லையா? சொல்கிறதுதான். ஆனால் அந்த விதியை வாசிக்கும் கண்ணைச் சித்தாந்தம் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கவில்லை. பிராரத்தத்தை, அதாவது இப்பிறவியில் அனுபவிக்க வந்த பழைய வினையை, ஒத்துக்கொள்பவர், இன்று செய்வது ஆகாமியமாக, அதாவது புது வினையாக, ஏறும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். குளிசையை விழுங்குவதும் விடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும். எண்ணும் அசையாமல் நிற்பதில்லை. முதுமையும் சிறுநீரகப் பழுதும் அதை ஏற்றும். உடற்பருமன் குறைத்துக் காட்டும். சரியான மருந்து இறக்கும். நூறு பேரில் எத்தனை பேர் என்று அது சொல்லும், இந்த ஒருவர் எப்போது என்று சொல்லாது. சாத்திரியாரின் துணிச்சல் அதற்கு இல்லை.

அப்படியானால் எண்ணால் என்ன பயன்? 2017இல் வெளியான கைட்-ஐடி ஆய்வில், 894 நோயாளிகளிடையே, எண்ணைத் துரத்தி மருந்தைக் கூட்டியதால் தனி நன்மை வரவில்லை. எண்ணே மருந்தல்ல என்பதற்கு அது சாட்சி. 2022இன் ஸ்ட்ரோங்-எச்.எஃப். ஆய்வில், மருந்துகளை வேகமாக முழு அளவுக்குக் கொண்டுபோய், வீடு திரும்பி ஆறு கிழமைக்குள் நாலு தரம் பார்க்கப்பட்டவர்களில், 180 நாளுக்குள் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் 15.2 சதவீதம், வழமையான பராமரிப்பில் 23.3. அந்தக் கவனிப்புக்கு நோயாளியை அழைப்பதே எண்ணின் பயன்: தன் நிலை தெரியாதவர் எதற்காக நாலு தரம் வருவார்? சொன்னால் மனம் உடைந்துபோவார் என்பார்கள். முகம் கொடுக்காத பிள்ளைகளைப் பார்த்தே அவர் பாதி உடைந்திருப்பார். தமிழில் சொல்ல முடியாது என்றும் சாட்டுச் சொல்ல வேண்டாம்: 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். அந்தத் தாளை நோயாளியின் கையில் கொடுங்கள். அதில் இருப்பதைத் தமிழில் சொல்லுங்கள்.