மாண்டவன் மேல் ஒரு வழக்கு



ஒரு கொலை நடந்தபின் இரண்டு வழக்குகள் தொடங்குகின்றன. ஒன்று, கொன்றவன் மேல் நீதிமன்றத்தில் நடப்பது. மற்றது, செத்தவன் மேல் சந்தியிலும் தேநீர்க்கடையிலும் நடப்பது. முதல் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காகப் பேச ஒரு சட்டத்தரணி உண்டு. இரண்டாம் வழக்கில் செத்தவனுக்காகப் பேச எவருமில்லை. இந்த இரண்டாம் வழக்கைப் பற்றியே இன்று உம்மோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முன்னாளில் தமிழ்நாட்டுச் சந்தைகளில் ‘கொலைச்சிந்து’ என்னும் மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. நடந்த கொலையை மெட்டமைத்துப் பாடிக் காட்டிச் சில காசுக்கு விற்பார்கள். அத்தகைய பாட்டுக்கென்றே நேர்ந்ததுபோல் இருந்தது 1952ஆம் ஆண்டு நடந்த ஆளவந்தார் கொலை. சென்னையில் பேனா வியாபாரம் செய்த அவர் ஆகஸ்ட் 28ஆம் திகதி காணாமற்போனார். இலங்கைப் பயணிகளை ஏற்றிச்சென்ற ‘போட் மெயில்’ வண்டியில், ஒரு பெட்டிக்குள், தலையற்ற உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. கணவனும் மனைவியுமான இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1953இல் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச அய்யர் கணவனுக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் சிறைத்தண்டனை விதித்தார். செத்தவர் அப்பெண்ணுக்குத் தொல்லை கொடுத்தவர் என்று வழக்கில் சொல்லப்பட்டது. அதைச் சீர்தூக்கிப் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை. சினமூட்டப்பட்டவனின் தண்டனையைக் குறைப்பதும் நீதிக்குப் புறம்பன்று. ஆனால் இத்தகைய செய்தியைக் கேட்ட தெரு எப்போதும் வேறொரு தீர்ப்பையே எழுதுகிறது: “அவனுக்கு அது வேண்டியதுதான்.”

இது தமிழருக்கு மட்டும் உரிய குணமன்று. நமது வாவிக்கரையில் நெடுங்காலம் பணிபுரிந்த இயேசு சபைக் குருக்கள் பலர் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். அந்நாட்டில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், சென் லூயிஸ் என்றொரு நகரம் உண்டு. அங்கே 1895ஆம் ஆண்டு நத்தார் இரவில், ஒரு மதுச்சாலையில், லீ செல்டன் என்பவர் தம்மோடு குடித்துக்கொண்டிருந்த பில்லி லையன்ஸ் என்பவரைச் சுட்டுக் கொன்றார். வாக்குவாதத்தில் லையன்ஸ் அவருடைய தொப்பியைப் பறித்ததே காரணம். செல்டன் 1912இல் சிறையிலேயே இறந்தார். ஆனால் கறுப்பின மக்களின் பாட்டுகளில் அவர் ‘ஸ்டாகர் லீ’ என்ற பெயரோடு இன்றும் வாழ்கிறார். அஞ்சாத வீரனாகவும் உலா வருகிறார். செத்தவரோ பிள்ளைகளுக்காக ஒரு வரி மன்றாடிவிட்டு மறைகிறார். தொப்பியைத் தொட்டவன் சாகவேண்டியவன் என்று பாட்டு தீர்த்துவிட்டது.

வாசகரே, எங்கோ நடந்ததைச் சொல்லி நாம் தப்பிக்கொள்ள வேண்டாம். போர்க்காலத்தில் விடியற்காலையில் சந்தியில் ஓர் உடல் கிடந்தால், நம்மிடையே முதலில் எழுந்த கேள்வி எது? “சும்மாவா சுட்டிருப்பாங்கள்?” என்பதல்லவா? சிறுவனாயிருந்த நானும் எங்கள் ஊரில் அப்படிக் கிடந்த ஓர் இளைஞனைப் பற்றி, “அவன் காட்டிக்கொடுத்தவனாம்” என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். குருவான பின் ஒருநாள் அவனுடைய தாயைச் சந்தித்தேன். அவள் கேட்காமலே சொன்னாள்: “என்ட புள்ள ஆரையும் காட்டிக்குடுக்கல்ல, பாதர்.” ஆண்டுகள் பல கடந்தும் அந்தத் தாய் செத்த மகனுக்காகத் தனியே வழக்காடிக்கொண்டிருந்தாள். எதிர்த்தரப்பில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? பயத்தினால். செத்தவன் குற்றவாளி என்றால், குற்றமற்ற நமக்கு ஆபத்தில்லை என்று ஓர் ஆறுதல். கொன்றவனை விசாரிக்க முடியாத இடத்தில் செத்தவனை விசாரிப்பது எளிது. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், நமது புனித மரியாள் ஆலயத்தினுள்ளேயே, ஜோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 ஜனவரியில் வழக்குத் தொடுநர் தரப்பு வழக்கைக் கைவிட, குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். ஆலயத்தில் நடந்த கொலைக்கே முதல் வழக்கு இப்படி முடிகிற நாட்டில், சந்தியில் கிடந்த ஏழைக்கு இரண்டாம் வழக்கு மட்டுமே மிஞ்சுகிறது.

ஒருவனுடைய நற்பெயரைக் கெடுப்பது களவினும் கொடிது, ஆனால் கொலையைவிடக் குறைந்தது என்று புனித தோமஸ் அக்குவினார் கற்பித்தார். திருடிய பொருளைப் போலவே பறித்த பெயரையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதும் அவர் போதனை. ஐந்தாம் கற்பனையை மீறியவன் ஒருவன். அதன்பின் எட்டாம் கற்பனையை மீறுவோர் ஊர் முழுவதும்.

அப்படியானால் கொலையைப் பாடலாகாதா, பேசலாகாதா? அப்படியன்று. நமது அயலில் இந்து சகோதரர்கள் கண்ணகி கோயில்களில் வைகாசி மாதத்தில் வழக்குரை பாடுகிறார்கள். அங்கே அநியாயமாக மாண்டவனுக்காக ஒருத்தி அரசன் முன் நின்று பேசுகிறாள். மாண்டவனுக்குச் சட்டத்தரணியாக நிற்கும் பாட்டு நற்பாட்டு. மாண்டவனைக் கூண்டில் ஏற்றும் பாட்டு தீப்பாட்டு.

நாமும் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று ஒரு கொலையின் வரலாற்றைக் கேட்கிறோம். குற்றமில்லாதவனையா கொண்டுவருவோம் என்ற பொருள்பட, ஆண்டவரைப் பிடித்தவர்கள் பிலாத்துவிடம் சொன்னதைக் கவனித்திருக்கிறீரா? “சும்மாவா சுட்டிருப்பாங்கள்” என்ற அதே வாதம்! அன்று கூட்டத்தின் கூக்குரலைச் சொல்லும் பங்கு கோயிலில் நமக்கே தரப்படுகிறது. நாம் நீதிபதிகளல்லர், குற்றவாளிகள் என்று திருச்சபை நமக்குக் காட்டுகிறது. மூன்றாம் நாளில் இறைவன் அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதினார். மாண்டவரின் வழக்கு மறுவிசாரணைக்கு வந்த நாளே உயிர்ப்பு ஞாயிறு.

வருகிற கார்த்திகையில் சேமக்காலைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றுவோம். அதோடு நில்லாது, நம் வாயால் பெயர்கெட்டு மாண்ட ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவருடைய தாயோ, மனைவியோ, பிள்ளையோ உயிரோடிருந்தால், அந்த வீட்டுக்குப் போய், “நாங்கள் அன்று சொன்னது தவறு” என்று சொல்வோம். நான் அந்தத் தாயிடம் அதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.