கொடுமை நஞ்சில் உள்ளதா?

உலகிலுள்ள நச்சுப் பாம்புகளுள் மிகக் கொடியது எது என்று வினவினால், நஞ்சின் வன்மையைக் கொண்டு விடை கூறுவோர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பானைச் சுட்டுவர். சுண்டெலிகளைக் கொண்டு ஆய்ந்தபோது, பாம்புகளின் நஞ்சுகளுள் அதன் நஞ்சே மிகக் கடுமையானது எனக் கண்டனர். ஆயினும் அப்பாம்பு தீண்டி மாண்டவர் என ஒருவரேனும் பதிவாகவில்லை. மக்கள் நடமாட்டம் அருகிய வறண்ட நிலத்தில், எலிகளை உண்டு, மண்பிளவுகளில் மறைந்து வாழ்வது அதன் இயல்பு. அந்நாடு முழுவதிலும் பாம்புக்கடியால் இறப்பவர் ஆண்டிற்குச் சராசரியாக இருவர் அல்லது மூவரே.

நம் நாட்டின் நிலையோ வேறு. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆய்வாளர் 2020-இல் கணித்துரைத்தனர். ஆண்டொன்றுக்குச் சற்றொப்ப 58,000 உயிர்கள்! இவ்விறப்புகளுக்குப் பெரிதும் காரணமாகக் கூறப்படுவன நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்குமாம். இவற்றுள் எதன் நஞ்சும் தைப்பானின் நஞ்சுக்கு நிகரன்று. வன்மை மிக்க நஞ்சு ஒருவரையும் கொல்லாதிருக்க, அதனினும் வன்மை குறைந்த நஞ்சு ஆயிரக்கணக்கானோரைக் கொல்கிறது. எனின், கொடுமை எங்கே இருக்கிறது?

பாம்புக்கு நஞ்சு இரையை வீழ்த்தும் கருவி. மனிதன் அதற்கு இரையல்லன். மிதிபடும்போதும் பிடிபடும்போதும் அஞ்சித் தன்னைக் காத்துக்கொள்ளவே அது தீண்டுகிறது. செயலின் நன்மை தீமைகளை எண்ணத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது நம் அன்பர்கள் நன்கறிந்த நெறி. அந்நெறிப்படி, பாம்பைக் கொலைகாரன் என்று பழித்தல் பொருந்தாது.

இங்கே ஒரு தடை எழும். 'எண்ணம் இல்லாமையால் பாம்பு குற்றமற்றதாயின், நாமும் குற்றமற்றவரே. வயலில் மாண்ட உழவன் சாகவேண்டும் என்று நாம் எண்ணினோமா?' என்று ஒருவர் வினவலாம். வினா நேர்மையானதே. ஆயினும் பாம்புக்கும் நமக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பாம்பு அறியாது, நாம் அறிவோம். இறப்பவருள் பெரும்பாலோர் நாட்டுப்புற மக்கள் என்பதை அறிவோம். இறப்புகளுள் ஏறத்தாழப் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நிகழ்வதை அறிவோம். தரையில் உறங்குபவரை இரவில் கட்டுவிரியன் தீண்டினால் வலிகூடத் தெரியாமல் மூச்சுத் தசைகள் செயலிழக்கும் என்பதையும் அறிவோம். இவற்றுக்கு மேலாக, மாற்று மருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காணப்பட்டது என்பதையும் அறிவோம். இவ்வளவும் அறிந்திருந்தும், மாண்டவருள் பலர் மருத்துவமனையை அடையாமலே உயிர் துறந்தனர். கொல்லும் எண்ணம் நமக்கு இல்லை என்பது மெய்யே. காக்கும் எண்ணமும் இல்லாதிருந்தோம் என்பதும் மெய்யே. அறிந்தவர்க்கு இப்பிந்தியது சிறு குறையன்று.

உலக நல்வாழ்வு நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017-இல்தான் சேர்த்தது. 2030-க்குள் இறப்பைப் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் இந்திய அரசு தேசியச் செயல்திட்டத்தை 2024-இல் வெளியிட்டது. ஏழைகளின் சாவு எண்ணிக்கையில் ஏறுவதற்கே இத்துணைக் காலம் ஆயிற்று.

'அங்ஙனமாயின் பாம்புகளை ஒழித்துவிடலாமே' என்பாரும் உளர். பாம்பு ஒழிந்தால் தானியத்தை அழிக்கும் எலிகள் பெருகும். அன்றியும், மருந்து பிறப்பது பாம்பிடமிருந்தே. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தார், பாம்புகளைப் பிடித்து நஞ்சை எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து மருந்து ஆக்கப்படுகிறது. ஓர் உழவன் பிழைக்கும்போது அவனுயிர் இருளருக்கும், குதிரைக்கும், பாம்புக்கும் கடன்பட்டதாகிறது. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆதலின் அன்பர்களே, பாம்பின்மேல் கொள்ளும் சினத்தால் ஒருயிரும் பிழைக்கப்போவதில்லை. இரவில் நடப்பவர் கையில் விளக்கும், வயலில் இறங்குபவர் காலில் காப்பும், உறங்குபவரைச் சுற்றி நன்கு செருகிய கொசுவலையும் பல உயிர்களைக் காக்கும். கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கு விளைப்பன; தீண்டப்பட்டவரை அசையாமல் வைத்து விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முறை. அடுத்த மழைக்கு முன் நாம் ஒவ்வொருவரும் நம் ஊருக்கு அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, நச்சுமுறி மருந்து இருப்பில் உள்ளதா என்று கேட்போமாக. இல்லையெனில், வரும்வரை கேட்போமாக. கருணை என்று நாம் வாயாற் சொல்வது, அங்ஙனம் கேட்கும்போதே செயலாகிறது.