கழிதலும் கழித்தலும்

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் ரெஜிஸ்ட்ரி கிளீனரைத் தேடுகிறவர்கள் கோவையில் கணபதியின் பட்டறை அலுவலகங்களிலும் காந்திபுரத்தின் கணக்கர் அறைகளிலும் இன்னும் இருக்கிறார்கள். ஓடவிட்ட இரண்டு நிமிடத்தில் ‘ஐந்நூறு பிழைகள்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டி, எல்லாவற்றையும் நீக்கட்டுமா என்று அது கேட்கிறது. வேண்டாததை நீக்கினால் தூய்மை வந்துவிடும் என்பது சமயங்களுக்கும் பழக்கமான நம்பிக்கைதான். ஆனால் ஒன்று வேண்டாதது என்று எதைக் கொண்டு தீர்மானிக்கிறோம்? என் பார்வையில் இது அறிவைப் பற்றிய கேள்வி. துடைப்பத்தின் வேலை அதற்குப் பிறகுதான்.

1995இல் வந்த விண்டோஸ் 95 முதல், கணினியின் அமைப்புகளும் நிறுவிய மென்பொருள்களின் விவரங்களும் ரெஜிஸ்ட்ரி என்னும் மையப் பதிவேட்டில் சேர்கின்றன. அதில் பல லட்சம் பதிவுகள் இருக்கும். கணினி அதை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. கிளை கிளையாகப் பிரிந்த பாதையில் தனக்கு வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது. எனவே ஐந்நூறு பதிவுகளை எடுத்துவிட்டாலும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது. ஆபத்தோ சிறியதல்ல. பதிவு சுட்டும் கோப்பு அந்த நேரத்தில் இல்லையென்றால் கிளீனர் அதைச் செத்த பதிவு என்கிறது. அந்தக் கோப்பு, சொருகாத பென் டிரைவிலோ அணைத்து வைத்த வேறொரு கணினியிலோ இருக்கலாம். ‘இங்கே இல்லை’ என்பதை ‘எங்குமே இல்லை’ என்று எடுத்துக்கொள்வது தர்க்கப் பிழை. மென்பொருள் செய்தாலும் பிழைதான். இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது. தவறிப்போனால் விண்டோஸையே திரும்ப நிறுவ நேரலாம் என்றும் எச்சரிக்கிறது. 2017இல் சிகிளீனர் என்னும் பெயர்பெற்ற துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்புக்குள் தாக்குதல்காரர்கள் நச்சு நிரலைப் புகுத்தினார்கள். ஏறக்குறைய 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அந்தப் பதிப்பு இறங்கியிருந்தது.

பழையது போகத்தானே வேண்டும், ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே’ என்று இலக்கண நூலான நன்னூலே அதைக் குற்றமில்லை என்கிறதே என்று கேட்கலாம். நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்பது கொங்கு வழக்கு. அவர் அந்த நூற்பாவில் ஆண்ட சொல் கழிதல், கழித்தல் அன்று. புகுதல் என்றார், புகுத்தல் என்னவில்லை. இரண்டும் தன்வினை. வழக்கு தானாக நழுவுவதற்குக் காலத்தைக் காரணமாக்கினாரே தவிர, அகராதியைத் திறந்துவைத்துச் சொற்களை அடித்து நீக்கும் உரிமையை யாருக்கும் அவர் தரவில்லை. இந்த ஓர் ஒற்றெழுத்தில் பெரிய வேறுபாடு அடங்கியிருக்கிறது. பவணந்தி சமணர், சமணத் துறவி தவத்தால் வினையை வேண்டுமென்றே உதிர்க்கிறாரே என்று அடுத்த மறுப்பு எழும். உண்மைதான். ஆனால் அந்த நெறியில் நற்காட்சியும் நல்ஞானமும் வேண்டும். புதுவினை வந்து சேராமல் தடுக்கும் செறிப்பும் வேண்டும். இவை இல்லாத உதிர்ப்பு வீடுபேற்றுக்கு உதவாது. உயிர் எது, அதில் ஒட்டிய வினை எது என்று அறிந்தவருக்குரிய செயல் அது. கணினியிலும் கண்டதையெல்லாம் நிறுவாமலிருப்பதே செறிப்பு. வேகத்துக்கு அதுதான் உண்மையாக உதவுகிறது.

நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரைகுறையாக அகன்ற மென்பொருளின் மிச்சம் மறுபடி நிறுவுவதைத் தடுத்தால், அந்த ஒரு பதிவை இன்னதென்று அறிந்து, நகலெடுத்து வைத்துவிட்டு நீக்குவது சரியான வேலை. நகல் இருந்தால் மொத்தமாகவே துடைக்கலாமே என்பார்கள். நகலால் மீள்வதற்கு, இழந்தது முதலில் நம் கண்ணில் பட வேண்டும். கணக்கு முடிக்க ஆண்டுக்கொரு முறை திறக்கும் மென்பொருளின் பழுது மார்ச் மாதக் கடைசியில்தான் தெரியவரும். அதற்குள் பதிவேட்டில் எத்தனையோ மாறியிருக்கும், பழைய நகலை அதன்மேல் ஏற்றினால் வேறு சிக்கல்கள் வரும். அறியாமல் துடைத்து இழப்பது கோயில் சுவர்களில் நடந்தே இருக்கிறது. நிலக்கொடையையும் விளக்குக் கொடையையும் பொறித்த கல்வெட்டுகள்தாம் நம் முன்னோரின் பதிவேடு. திருப்பணி என்ற பெயரில், பக்தியோடுதான், தமிழகக் கோயில்கள் பலவற்றில் மணலை விசையோடு பீய்ச்சிச் சுவரைத் துலக்கினார்கள். எழுத்துகள் மழுங்கின, பின்னர் அந்த முறைக்குத் தடை வந்தது. அப்படித் தேய்ந்த வரிகளில், தொல்லியலார் முன்பே மைப்படி எடுத்து வைத்தவற்றை மட்டுமே இன்று படிக்க முடிகிறது.