அப்போது நான் நினைக்கிறேன்

திருவிடந்தைக்குப் போகாதவர்கள் இந்தச் சபையில் குறைவாகத்தான் இருப்பீர்கள். கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால். பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் தட்டிப்போனால் மாலையோடு போய் நிற்கிறோம். நித்திய கல்யாணப் பெருமாளும் கொடுக்கிறார். ஆனால் வராக மூர்த்தியான அவர் பூமிப் பிராட்டிக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை.

மனசு தெளிவாகவும் உடம்பு திடமாகவும் இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால் போதும். பின்னால் அவன் கட்டையாய், கல்லாய்க் கிடக்கும்போது என்னை நினைக்க அவனால் ஆகாது. அப்போது நான் அவனை நினைக்கிறேன், நானே கரை சேர்க்கிறேன் என்கிறார் பகவான். வராக சரம சுலோகத்தின் சாரம் இது. வேதாந்த தேசிகர் இதற்கென்றே ‘ரஹஸ்ய சிகாமணி’ என்று தனி கிரந்தம் எழுதினார்.

நேற்று உபன்யாசம் முடிந்ததும் ஒரு அம்மாள் கேட்டார்: “அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை இழுத்துக்கொண்டது. இப்போது என்னையே யார் என்று கேட்கிறார். திருமண் கூட இட்டுக்கொள்ளத் தெரியவில்லை. அவர் ஆயுசு முழுக்கப் பண்ணின ஆராதனம் எல்லாம் போச்சா?” போகவில்லை, அம்மா. கணக்கு பெருமாளிடம் இருக்கிறது. அப்பா மறந்தால் என்ன, அவன் மறக்கவில்லையே! நமக்கு மிச்சம் இருப்பது பெருமாள் செய்கிற அந்த வேலையில் ஒரு பங்குதான். அவருக்காக நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நாம் பரீட்சை வைக்கிறோம். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கட்டில் ஓரம் குனிந்து, “நான் யார் சொல்லுங்கோ பார்ப்போம்” என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. சரம சுலோகத்தில் பகவான் அப்படிக் கேள்வி கேட்டாரா? “அப்பா, உங்க பெரிய பொண்ணு வந்திருக்கேன்” என்று நீயே சொல்லிவிடு. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் மறுபடி சொல்லு. நாம ஜபத்தில் ஒரே பெயரை நூற்றெட்டுத் தரம் சொல்கிறவர்களுக்கு இது பெரிய காரியமா?

வியாதியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மூளைக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்தோ வெடித்தோ வருகிற மறதி இது. பல நேரம் படிக்கட்டு மாதிரி இறங்கும். சில மாதம் ஒரே நிலையில் இருந்து, திடீரென்று ஒரு படி கீழே போகும். அடுத்த அடைப்பைத் தடுப்பதுதான் முக்கியம். டாக்டர் எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையையும் ஏகாதசி, அமாவாசை என்று நிறுத்தாதீர்கள். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால் ராகுகாலம் பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

பிடிவாதம் என்று நாம் நினைப்பதில் பாதி பிடிவாதமே இல்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால், சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இலையில் இடப்பாதி அப்படியே கிடக்க, “எனக்குச் சாதமே போடலை” என்பார். இலையைத் திருப்பி வைத்தால் சாப்பிடுவார். காரணமில்லாமல் அழுவார், சிரிப்பார். நாம் ஏதோ புண்படுத்திவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். நேற்று வரை சுமாராக இருந்தவர் ஒரே நாளில் அடியோடு குழம்பிப் போனால் மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். டாக்டரிடம் போங்கள். புது அடைப்பாக இருக்கலாம், மூத்திரத் தொற்றாகவும் இருக்கலாம். தொற்று என்றால் மருந்து கொடுக்கக் குழப்பம் குறையும்.

அடுத்து தீர்த்தம். படுத்திருப்பவர் வாயில் பக்தியோடு துளசி தீர்த்தம் விடுகிறோம். வாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குகிற சக்தி குறைந்திருக்கும். அந்தத் தீர்த்தம் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள். தண்ணியாக எதைக் கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கூடாது என்றால் தலையில் ப்ரோக்ஷணம் பண்ணுங்கள், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். பாசுரம் சொல்வதற்குத் தடையே இல்லை. பேச்சுப் போன சிலருக்கும் பழகின பாட்டு வாயில் வரும். நீங்கள் எடுத்துக்கொடுங்கள், அவர் முடிக்கிறாரா பாருங்கள். முடிக்காவிட்டாலும் அதையும் பரீட்சை ஆக்கிவிடாதீர்கள்.

பூர்வ ஜன்மக் கர்மா என்று அவர் காது கேட்கச் சொல்கிற உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

இத்தனையும் ஒரு ஆள் செய்ய முடியுமா? ராமானுஜர் வயசான காலத்தில் காவேரிக்கு நீராடப் போகும்போது சிஷ்யர் முதலியாண்டான் கையைப் பிடித்துக்கொண்டு போனார். திரும்பும்போது இன்னொரு சிஷ்யர் உறங்காவில்லிதாசர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தீர்த்தமாடிவிட்டு, தாழ்ந்த குலம் என்று நாங்கள் ஒதுக்கின இந்த தாசரைத் தொடலாமா என்று ஊர் கேட்டது. குரு பரம்பரைக் கதையில் அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் எல்லோரும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். நான் இன்றைக்குப் பார்ப்பது போக ஒரு கை, வர ஒரு கை என்பதை. நம் வீடுகளிலோ போகவும் வரவும் ஒரே மருமகள்தான். அவளுக்குத் தூக்கம் இல்லை, கோவிலுக்குப் போக நேரம் இல்லை. ஒருநாள் கத்திவிட்டு ராத்திரி முழுக்க அழுகிறாள்.

பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பிள்ளைகள் மாசாமாசம் பணம் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். வருஷத்தில் பதினைந்து நாள் லீவு போட்டு வாருங்கள். மாத்திரை டப்பாவையும் டாக்டர் சீட்டையும் கையில் வாங்கிக்கொண்டு, அண்ணியை அவள் பிறந்த வீட்டுக்கு ரயிலேற்றி விடுங்கள்.