ரிஷி கடனும் வங்கிக் கடனும்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை அது. அரிசி, மிளகு, வெல்லம், பாத்திரம், பூ, பொன் என அங்கே கிடைக்காத பொருள் குறைவு. தலைமுறை தலைமுறையாக அங்கே வணிகம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களும் பல. நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். குமாரசுவாமி தங்குமிடம் ஆரியசாலைக் கோயில். அந்நாட்களில் வணிகர் இல்லங்களில் பிள்ளைகளின் பாடப்புத்தகமும் கடையின் கணக்குப் புத்தகமும் ஒரே பீடத்தில் பூஜைக்கு வைக்கப்படுகின்றன.

ஆண்டுக்கொரு முறை அருகருகே அமைதியாக இருக்கும் இவ்விரு புத்தகங்களும் மற்ற நாட்களில் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் தத்துவமோ வரலாறோ இலக்கியமோ பயில விரும்புகிறாள். 'அதைப் படித்தால் என்ன சம்பளம் கிடைக்கும்?' என்று தந்தை கேட்கிறார். இதை வெறும் பொருளாசை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்த பின்னர், நடுத்தரக் குடும்பங்களுக்குக் கல்விக்கடன் எட்டும் பொருளாயிற்று. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டுக் கலைப்படிப்பு என்று வைத்துக்கொள்வோம். கடன் ஏழரை லட்சம். வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நான்காம் ஆண்டின் முடிவில் கடன் 9,75,000 ரூபாய். அதைப் பத்தாண்டுகளில் தீர்க்க மாதந்தோறும் ஏறத்தாழ 12,900 ரூபாய் செலுத்த வேண்டும். புதிய பட்டதாரிக்கு 20,000 ரூபாய் சம்பளம் கிடைத்தாலும் கையில் எஞ்சுவது 7,100. நகரத்தில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்த பிறகு என்ன மிஞ்சும்?

இது கலைப்படிப்புக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதோர் பெருகியதால் 2017-இல் கேரள அரசு 900 கோடி ரூபாய் அளவில் உதவித் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு சிக்கியவர்களுள் செவிலியர் படிப்பும் பொறியியலும் பயின்றோர் பலர். உறுதியான வேலை என்று நம்பிச் சென்றவர்களே அவர்கள்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கல்விக்கடன் பத்திரத்தில் மாணவி மட்டும் கையெழுத்திடுவதில்லை. தாயோ தந்தையோ உடன்கடனாளி ஆகின்றனர். எனவே 'என் வாழ்க்கை, என் விருப்பம்' என்று அவள் சொல்வது பாதி உண்மைதான். அவளுடைய தேர்வின் விளைவை, அவள் தேர்ந்தெடுக்காத ஒருவரும் சுமக்கிறார்.

ரோமானியர் இத்தகைய கல்வியை 'சுதந்திரமானவனுக்குரிய கலைகள்' என்று அழைத்தனர். பணம் ஈட்டுவதையே நோக்கமாகக் கொண்ட படிப்பை உயர்ந்ததாகக் கருத முடியாது என்பது செனகாவின் கருத்து. (அவர் ரோமாபுரியின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர் என்பதையும் நாம் மறக்கலாகாது.) சுதந்திரத்திற்கான கல்வியைப் பெற்ற ஒருத்தி, பத்தாண்டுகள் தவணைக்கு அஞ்சி, விரும்பாத வேலையையும் விட முடியாமல் இருந்தால், அந்தக் கல்வி தன் பெயருக்கே முரண்படுகிறதல்லவா?

நம் மரபு இதனை வேறு கோணத்தில் காண்கிறது. பிறப்போடு தேவர், ரிஷி, பித்ருக்கள் ஆகியோருக்குரிய மூன்று கடன்கள் வருவதாகத் தைத்திரீய சம்ஹிதை கூறுகிறது. பிற்காலச் சிந்தனையாளர் பலர் இதனை மனிதர் அனைவருக்கும் பொதுவாக்கி விரித்துரைத்தனர். இவற்றுள் ரிஷி கடன் எவ்வாறு தீர்கிறது? கற்பதால் தீர்கிறது. முன்னோர் தேடிவைத்த ஞானத்தைப் பெற்று, காத்து, அடுத்தவருக்கு அளிப்பதே அக்கடனை அடைக்கும் வழி. அதாவது, கற்பது அன்று கடனைத் தீர்த்தது. இன்று கடனை உண்டாக்குகிறது. வரலாறும் தத்துவமும் பயில எவரும் முன்வராத சமுதாயம் ரிஷி கடனைத் தீர்க்காத சமுதாயம். எனினும், சமுதாயம் முழுவதும் பட்ட கடனை ஒரு சிறு வணிகரின் குடும்பம் மட்டும் தன் சொத்தை ஈடுவைத்துத் தீர்க்க வேண்டும் என்பது தர்மம் ஆகுமா? கலைக்கல்வியின் செலவைப் பெரும்பாலும் பொதுப்பணம் ஏற்பது கருணையினால் அன்று, கடமையினால்.

1884-இல் தந்தையை இழந்த நரேந்திரநாதரின் நிலையை அன்பர்கள் அறிவர். அவ்வாண்டில்தான் அவர் பட்டம் பெற்றார். மேலைத் தத்துவங்களைக் கரைத்துக் குடித்த அந்த இளைஞர், கடன்காரர்களின் நெருக்கடிக்கிடையே வேலை தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். பின்னர் தட்சிணேசுவரத்தில் பொருள் வேண்டச் சென்றவர் விவேகத்தையும் வைராக்கியத்தையும் வேண்டித் திரும்பினார். பலர் இந்நிகழ்ச்சியை இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். அதன்பின் அவர் தம் தாய்க்கும் தம்பியருக்கும் உணவுக்கு வழி வேண்டுமென்று குருவிடம் மன்றாடினார். எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்ற வாக்கைப் பெற்ற பின்னரே அமைதியுற்றார். விவேகத்தை வேண்டியவரும் வீட்டு அடுப்பை மறக்கவில்லை.

ஆகவே, பாடத்தின் மதிப்பும் கல்லூரியின் விலையும் வெவ்வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால்தான் தந்தையும் மகளும் பிணங்குகின்றனர். விலை மிகுதி என்பதால் தத்துவம் பயனற்றதாகி விடாது. தத்துவம் உயர்ந்தது என்பதால் எந்த விலையும் தகும் என்றும் ஆகாது. மகள் பாடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வளாகத்தின் பகட்டை விட்டுக்கொடுக்கலாம்.

சாலையிலிருந்து சிறிது தொலைவில் பாளையத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தொடங்கிய இலவசப் பள்ளியின் வளர்ச்சி அது. மகாராஜா கல்லூரி என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1891-இல் 'மனோன்மணீயம்' எழுதியவர். திருவிதாங்கூரின் கல்வெட்டுகளைத் தேடி ஆராய்ந்தவர். 1897-இல் 42 வயதில் மறைந்தார். அந்நாடகத்தின் வாழ்த்துப்பாடல் இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பாடல். அவருடைய மாதச் சம்பளத்தை வைத்து இப்பயனை யார் கணித்திருக்க முடியும்? ஆனால் ஒரு சுந்தரம் பிள்ளையைக் காட்டி ஓர் ஏழைக் குடும்பத்தைக் கடனில் இறக்குவதும் தவறு. அவர் காட்டும் உண்மை சிறியது: பயன் சில வேளைகளில் தாமதமாக வரும், படித்தவருக்கே வராமலும் போகலாம். அத்தகைய பயனுக்காகக் காத்திருக்க வேண்டுமானால் தவணைச் சுமை இருத்தலாகாது.

அதே கல்லூரியில் இன்றும் தத்துவம் கற்பிக்கப்படுகிறது. அரசுக் கல்லூரியாதலால் கட்டணமும் குறைவு. சாலை வணிகரின் மகள் காலையில் பேருந்தில் சென்று மாலையில் வீடு திரும்பலாம். தர்க்கம் பயின்ற பெண் அந்தியில் கடைக்கணக்கைச் சரிபார்த்தாள் எனில், அதற்கென ஆள் வைக்கும் செலவும் தந்தைக்கு மிச்சம்.